கோவளத்தில் சர்ஃபிங் கத்துக்கிட்டாச்சு... அடுத்து கூட்டமில்லாத அலைக்குப் போகலாமா?

சேலம், பெங்களூரு பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு காலத்தில் வீக் எண்ட் என்றால் ஏற்காடுதான். 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, கிளியூர் அருவி, ஞாயிறு மாலை ரிட்டர்ன். இப்போது அந்த லிஸ்டில் கடலும் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, சனிக்கிழமை விடியும்போது கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ சர்ஃப் போர்டுடன் நிற்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே கடற்கரையில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப். அதில் கேரளத்தின் கோவளம் கடலில் அலையேறிப் பழகிய ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். இதையெல்லாம் பார்த்து போர்டை எடுத்தவர்களில் பலர் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். நுரை அலையில் எழுந்து நிற்க வருகிறது. உடையாத அலையை எப்போதாவது ஒருமுறை பிடிக்கவும் வருகிறது.

அடுத்து வரும் ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான்: கூட்டம் இல்லாத, அமைதியான ஒரு இடம் வேண்டும். ஆனால், கூட்டம் இல்லாத கடற்கரையில் கோச் இருக்க மாட்டார். உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். 'இப்போ துடுப்பு போடு' என்று பின்னாலிருந்து கத்த யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே கடலைப் படிக்க வேண்டியது நீங்களேதான். எதையெல்லாம் படிக்க வேண்டும்? பார்ப்போம்.

அலை எங்கிருந்து வருது?

கிளியூர் அருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் சுமார் 300 அடி கீழே விழுகிறது. அங்கே நகர்வது தண்ணீர். மேலே இருந்த அதே நீர்தான் கீழே பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்கிறது.

கடலலை அப்படி இல்லை. ஆழ்கடலில் அலை கடந்துபோகும்போது தண்ணீர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே ஒரு வட்டமடித்து நின்றுவிடும். நகர்வது ஆற்றல் மட்டும்தான். ஸ்டேடியத்தில் ரசிகர்கள் எழுந்து உட்கார்ந்து 'மெக்சிகன் வேவ்' போடுவார்களே, அதே கதை. யாரும் இடம் மாறுவதில்லை, ஆனால் அலை மைதானத்தைச் சுற்றி வந்துவிடுகிறது.

மே முதல் செப்டம்பர் வரை தமிழகக் கரைக்கு வரும் நல்ல அலைகளில் பல, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 40 டிகிரி தெற்கு அட்சரேகைக்கும் அப்பால் வீசும் புயல் காற்றில் பிறப்பவை. 14 விநாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 40 கி.மீ. வேகத்தில் நகரும். 6,000 கி.மீ.க்கும் மேல் பயணித்து நம் கரைக்கு வர கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகிவிடும். உள்ளூரில் காற்றே இல்லாத, வெயிலடிக்கும் நாளிலும் பெரிய அலை வருவது இதனால்தான்.

கரையை நெருங்கும்போது அலையின் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது, மேல்பகுதி உயர்கிறது. நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. அதாவது, 1 மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். உடையும் விதத்தைத் தீர்மானிப்பது கடலுக்கு அடியில் இருக்கும் தரைதான்.

எந்த அலை யாருக்கு?

சர்ஃபர்கள் அலை உடையும் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, மணல் கரை. இங்கே மணல் திட்டு இருக்கும் இடத்தில் அலை உடையும். விழுந்தாலும் மணல்தான் என்பதால் கற்றுக்கொள்ள நல்ல இடம். ஆனால் மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் போன வாரம் உடைந்த இடத்தில் இந்த வாரம் உடையாது. சில நாள் அலை முழு நீளமும் ஒரே நேரத்தில் 'தொப்' என்று விழும். அதில் ஓட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது.

இரண்டாவது, முனை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அல்லது நிலமுனையைச் சுற்றி அலை வளைந்து வரும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, ஜிப் திறப்பது போல சீராக உடையும். அலையின் உடையாத தோளில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே போகலாம்.

மூன்றாவது, பாறைப் படுகை அல்லது பவளப் படுகை. துல்லியமாக, ஒரே இடத்தில் உடையும். தவறி விழுந்தால் பாறைதான். அனுபவசாலிகளுக்கானது.

நடுத்தர நிலையில் இருப்பவருக்கு ஏற்றது இரண்டாவது வகை, அதுவும் இடுப்பிலிருந்து மார்பு உயரத்துக்குள் இருக்கும் நாளில். காரணம் இரண்டு. ஒன்று, அலை மெதுவாக, நீளமாக உடைவதால் எழுந்து நின்ற பிறகு திருப்பிப் பழக நேரம் கிடைக்கும். இரண்டு, முனைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அலை உடையாத ஒரு ஆழமான வழி இருக்கும். நுரையோடு மல்லுக்கட்டாமல் அந்த வழியாகத் துடுப்பு போட்டு உள்ளே போய்விடலாம்.

தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு இன்னொரு வசதியும் உண்டு. தெற்கிலிருந்து வரும் அலை முனையில் பட்டு வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்தபடி ஓட்டும் சர்ஃபருக்கு அது வலது பக்கம். இதைத்தான் 'ரைட்' என்கிறார்கள். இடது காலை முன்னால் வைத்து நிற்பவருக்கு ('ரெகுலர்') அலை முகத்துக்கு நேரே இருக்கும். வலது காலை முன்னால் வைப்பவர் ('கூஃபி') முதுகை அலைக்குக் காட்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

சரி, எங்கே போகலாம்?

கோவளம்: சென்னைக்குத் தெற்கே உள்ள மீனவ ஊர். 2012-ல் மீனவர் மூர்த்தி மேகவன் தொழிலதிபர் அருண் வாசுவுடன் சேர்ந்து இங்கே தொடங்கிய சர்ஃப் பள்ளிதான் பல மீனவ இளைஞர்களை பயிற்சியாளர்களாகவும் போட்டியாளர்களாகவும் ஆக்கியது. கற்றுக்கொள்ள நல்ல இடம். ஆனால் வீக் எண்டில் கூட்டம் நிச்சயம்.

மாமல்லபுரம்: கடற்கரைக் கோயில் நிற்கும் பாறை முனையைச் சுற்றி வரும் ரைட் அலை பிரபலம். வார நாட்களில், விடியற்காலையில் கூட்டம் குறைவு. பாறை இருப்பதால் எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

மணப்பாடு: தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் கடலோர ஊர். கடலுக்குள் நீளும் மணல்மேடு, அதன் மேல் 16-ம் நூற்றாண்டில் எழுந்த திருச்சிலுவை ஆலயம். முனையும் தென்திசை அலையும் சேர்ந்த இடம் என்பதால் சர்ஃபர்களின் வரைபடத்தில் இடம் பிடித்தது. கோவளம் அளவுக்கு சர்ஃப் பள்ளிகளோ கூட்டமோ கிடையாது. 'அமைதியான அலை' என்று தேடுபவர்கள் வந்து சேரும் இடம் இது.

உகந்தை: பாஸ்போர்ட் இருந்தால் இன்னொரு வழி. இலங்கையின் கிழக்கில் பொத்துவிலை ஒட்டிய அறுகம்பே உலகம் முழுக்கத் தெரிந்த சர்ஃப் ஊர். ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை சீசன். மெயின் பாயிண்ட்டில் கூட்டம் நெருக்கும். வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீநட் ஃபார்ம் ஆகியவை நடுத்தர நிலைக்காரர்கள் தேடிப் போகும் இடங்கள். இன்னும் தெற்கே போனால், கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் காட்டுக்குள் நுழையும் உகந்தை மலை முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு ரைட் அலை இருக்கிறது. குமண தேசியப் பூங்காவின் வாசல் என்பதால் வழியில் யானை நடமாட்டம் உண்டு. அடிபட்டால் உதவிக்கு வர நேரம் பிடிக்கும். ஆரம்பநிலைக்காரர்களுக்கான இடமில்லை.

ஆப்பில் எந்த நம்பரைப் பார்க்கணும்?

பெரும்பாலானோர் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மூன்று.

உயரம்: ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தில் கூடும். 1 மீட்டர் அலை 1.5 மீட்டர் ஆனால், பார்க்க 'கொஞ்சம் பெரிசு'தான். ஆனால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

இடைவெளி: அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பது. 6 விநாடி என்றால் பக்கத்திலேயே காற்றில் பிறந்த, கலைந்த அலை. 14 விநாடி என்றால் தூரத்திலிருந்து வந்த, ஒழுங்கான, வலுவான அலை. ஒரே 1 மீட்டர் உயரம்தான். ஆனால் 14 விநாடி அலையின் வலு 6 விநாடி அலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 'ஒரு மீட்டர்தானே' என்று இறங்கி அடிவாங்குவது இங்கேதான்.

காற்று: விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்தி வழவழப்பாக்கும். பகல் ஏற ஏற கடற்காற்று கரை நோக்கித் திரும்பி அலையைக் கலைத்துவிடும். சர்ஃபர்கள் 6 மணிக்கே தண்ணீரில் இருப்பது இதற்காகத்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றழுத்தத் தாழ்வும் புயலும் வரும் காலத்தில் நடுத்தர நிலைக்காரர்கள் புதிய இடத்தைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இந்த மூன்றோடு, ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கையையும் பாருங்கள். உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல், தூரத்து அலை திடீரெனக் கரையேறி வருவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். திருடனைப் போல வரும் கடல். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் தென் தமிழகக் கடலோரத்துக்கு அலை எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அவர்கள் சர்ஃபிங் செய்யப் போனவர்கள் அல்ல. அழகான ஒரு கடற்கரையைப் பார்க்கப் போனவர்கள்.

அலையே இல்லாத இடம் சேஃப்தானே?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

கரைக்கு வந்த தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழமான பள்ளம் கிடைத்தால் அந்த வழியாக வேகமாக ஓடும். இதுதான் 'ரிப் கரண்ட்' எனும் இழுவை நீரோட்டம். பள்ளம் ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். குளிக்க வருபவர் 'இங்கதான் அலை இல்லை' என்று அதற்குள்தான் இறங்குவார். அமெரிக்க வானிலைத் துறைக் கணக்குப்படி, வலுவான ரிப் விநாடிக்கு 8 அடி வரை இழுக்கும். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாத வேகம் அது.

அனுபவமுள்ள சர்ஃபருக்கு அதே நீரோட்டம் லிஃப்ட் மாதிரி. அதில் ஏறி சிரமமில்லாமல் உள்ளே போவார். வித்தியாசம், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? போர்டை விட வேண்டாம். மிதப்பதற்கு உங்களிடம் இருப்பது அதுதான். கரையை நோக்கி நேராகப் போராட வேண்டாம். கரைக்கு இணையாகத் துடுப்பு போட்டு, நுரை தெரியும் பக்கத்துக்கு வாருங்கள். நுரை இருக்கும் இடத்தில் ஆழம் குறைவு, அலையே கரைக்குத் தள்ளிவிடும். முடியவில்லை என்றால் போர்டில் படுத்தபடி ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள்.

நீங்க ரெடியா? ஒரு சின்ன செக்

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்றால் மட்டும் கோச் இல்லாத கடற்கரையை யோசிக்கலாம்.

• உடையாத அலையை யாரும் தள்ளிவிடாமல் நீங்களே பிடிப்பீர்கள். பத்தில் ஒன்றல்ல, பாதிக்கு மேல்.
• எழுந்ததும் நேராகக் கரைக்குப் போகாமல், அலையின் தோள் பக்கம் திருப்ப வரும்.
• பெரிய நுரை வரும்போது போர்டைத் தூக்கி எறியாமல், கவிழ்ந்து அடியில் போய் மீண்டும் நிமிர வரும்.
• காலில் கட்டிய லீஷ் அறுந்தால், போர்டு இல்லாமல் கரைக்கு நீந்த முடியும்.
• ஒரே அலையில், உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே முன்னுரிமை என்ற விதி தெரியும். யார் முன்னாலும் குறுக்கே இறங்க மாட்டீர்கள்.

போர்டு விஷயத்திலும் அவசரம் வேண்டாம். இரண்டு மாதப் பழக்கத்தில் போட்டியாளர்கள் ஓட்டும் 6 அடி போர்டுக்குத் தாவினால், பிடிக்கும் அலைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும். 7 முதல் 8 அடி வரை, கனம் உள்ள போர்டுதான் இந்தக் கட்டத்துக்குச் சரி.

கரை யாருடையது?

நமக்கு அது வீக் எண்ட். அங்கே இருப்பவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். காலை 6 மணி என்பது சர்ஃபருக்கு நல்ல நேரம். வலையோடு ஃபைபர் படகு கரை திரும்பும் நேரமும் அதுதான். அலைமேல் வரும் படகால் உங்களுக்காகத் திரும்ப முடியாது. விலக வேண்டியது நீங்கள்தான். படகு இறங்கும் பாதையிலும் வலை விரித்த பகுதியிலும் போர்டோடு நிற்கக் கூடாது.

அலையைத் தாண்டும் வித்தை இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான். பலகை தைக்கப்பட்டிருந்ததால் அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுத்தன. அதை ஓட்டியவர்களின் வழிவந்தவர்களுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர் தெரியும். நீரோட்டம் இன்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் தெரியும். ஆப் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். 'அண்ணே, இன்னைக்கு தண்ணி எப்படி இருக்கு? எங்க இறங்கலாம்?' என்று கேட்பதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

அந்த அறிவு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே கல் தடுப்போ துறைமுகச் சுவரோ வந்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும், வடசென்னைக் கரை அரித்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் வந்த பின் நகரத்தின் கடற்கரை காணாமல் போனதும் இதனால்தான். மணல் மாறினால் அலை உடையும் இடமும் மாறும். மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு இடத்தை நம்பிப் போகக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

முதல் நாள் எப்படி இறங்குவது?

போனதும் இறங்காதீர்கள். முதல் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் ஓயும். கூட்டத்தில் வரும் மிகப்பெரிய அலை எது என்று பார்த்து, அது உங்களுக்குச் சரிப்படுமா என்று முடிவெடுங்கள். ஓய்ந்த நேரத்தில் கண்ணில் படும் அலையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எங்கே இறங்குவது, எங்கே வெளியே வருவது என்று இரண்டையும் தீர்மானியுங்கள். கோபுரம், பனைமரம், வெள்ளை வீடு என்று கரையில் ஏதாவது இரண்டு அடையாளங்களை மனதில் வைத்தால், நீரோட்டம் உங்களை நகர்த்துவது உள்ளே இருக்கும்போதே தெரிந்துவிடும். தனியாக இறங்காதீர்கள். துணைக்கு வந்தவரும் நீந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரத்தோடு போதும். சோர்ந்த கையோடு பிடிக்கும் 'கடைசி ஒரு அலை'யில்தான் ஆபத்து அதிகம்.

ஓரிரவு பஸ்ஸில் வந்து, லீவு போட்டு, போர்டு வாடகையும் கொடுத்த பிறகு 'இன்னைக்கு வேண்டாம்' என்று திரும்புவது கஷ்டம்தான். கோச் இருந்தால் அதை அவர் சொல்லிவிடுவார். இங்கே நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்படித் திரும்பிய நாளில் டீக்கடையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அந்த இடத்தைப் பற்றி நிறையவே தெரிந்துகொள்ளலாம். அடுத்த வாரம் அது உதவும்.

கிளம்பும் முன் போனில் சேமித்துவைக்க வேண்டிய எண்கள்: தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.